டிவி மூலையில் ஒரு முத்திரை: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, டிவி சேனல்களின் லோகோவைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் கேள்வி அனுப்புவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நானும் இருபது வருடமாக ரசித்துப் பார்க்கிற விஷயம் இது. அதனால் இந்த இதழில் மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு லோகோவைப் பற்றி மட்டும் பேசலாம்.

இந்திய சேனல்களில் மிகச் சிறந்த லோகோ எது? சுற்றி வளைக்காமல் ஒன்றைச் சொல்லுங்கள்.
*வாசகி, சிவகங்கை*

தூர்தர்ஷனின் கண். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

எங்கள் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெருவில் ஒரே ஒரு வீட்டில் டிவி இருந்த காலம் அது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுப்பு வேலையை முடித்துவிட்டு வாசலில் நின்றுகொண்டு, "அந்தக் கண்ணு வந்திருச்சாடா?" என்று கேட்பார். நிகழ்ச்சியின் பெயரோ நேரமோ அவருக்குத் தெரியாது, கண் வந்தால் ஆரம்பிக்கப்போகிறது என்று தெரியும். படிக்கத் தெரியாத ஒருவர், தூரத்தில் இருந்து, சுமாரான ஆன்டெனாவில் புள்ளி புள்ளியாக வரும் படத்தில், ஒரு விநாடியில் அடையாளம் காண வேண்டும். டிவி லோகோவுக்கு நான் வைக்கிற பரீட்சை அதுதான். அப்பத்தா பரீட்சை என்று மனசுக்குள் பெயர் வைத்திருக்கிறேன். இந்தப் பக்கத்தில் எந்த லோகோவைப் பற்றிப் பேசினாலும் அதை வைத்துத்தான் பேசப்போகிறேன்.

அந்தக் கண்ணை வரைந்தவர் பெரிய விளம்பரக் கம்பெனிக்காரர் இல்லை, அகமதாபாத் நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டிசைனில் படித்துக்கொண்டிருந்த தேவாஷிஸ் பட்டாச்சார்யா என்ற மாணவர். நடுவில் ஒரு உருண்டை, அதைச் சுற்றி ஒன்றை ஒன்று தழுவுகிற மாதிரி இரண்டு வளைவுகள், அவ்வளவுதான். மாணவர்களும் ஆசிரியர்களுமாகச் சேர்ந்து வரைந்த 14 வடிவங்களில் இருந்து, அப்போது பிரதமராக இருந்த இந்திரா காந்தி இதைத் தேர்ந்தெடுத்தார். அதே இன்ஸ்டிட்யூட்டில் இருந்த ஆர். எல். மிஸ்திரி, அந்த வளைவுகளைப் பிரதி எடுத்துக் கேமராவுக்குக் கீழே வைத்துச் சுழற்றிச் சுழற்றிப் படம்பிடித்து, கடைசியில் அவை ஒன்று சேர்ந்து கண்ணாக நிற்கிற மாதிரி செய்தார். கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாம் கைவேலை. கூடவே ரவிசங்கர் அமைத்த அந்த இசை, ஷெனாய் அழுவது போலவும் எழுப்புவது போலவும் ஒரே நேரத்தில் கேட்குமே, அது. அகில இந்திய வானொலியில் இருந்து தூர்தர்ஷன் தனியாகப் பிரிந்தது 1976 ஏப்ரல் 1ஆம் தேதி, அன்றைக்கே இது ஒளிபரப்பாகிவிட்டது. நம் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் அதற்கு எட்டு மாதம் முன்னால்தான், 1975 ஆகஸ்ட் 15ல், தொடங்கியிருந்தது.

முக்கியமான ஒன்று, இந்தியாவில் கலர் ஒளிபரப்பு வந்தது 1982ல். ஆக இந்தக் கண் கறுப்பு வெள்ளைக்காக வரையப்பட்டது. நிறத்தின் உதவி இல்லாமல் வடிவம் மட்டுமே பேச வேண்டிய கட்டாயம் இருந்ததால்தான் இத்தனை வருடம் தாங்குகிறது என்று நான் நம்புகிறேன். 2017ல் தூர்தர்ஷனே புது லோகோ வேண்டும் என்று மக்களிடம் போட்டி வைத்தது, ஒரு லட்ச ரூபாய் பரிசும் அறிவித்தது. கண் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.

அந்தக் கண்ணுக்கு 2024ல் நிறம் மாற்றினார்களே, அது சரியா?
*வாசகர், ஈரோடு*

தூர்தர்ஷன் முழுக்க மாறவில்லை, டிடி நியூஸ் சேனலின் லோகோதான் சிவப்பில் இருந்து ஆரஞ்சுக்கு மாறியது. காவி என்று ஒரு தரப்பு சொன்னது. தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி அமைப்பின் முன்னாள் தலைமை அதிகாரி ஜவஹர் சர்க்கார் கடுமையாக எதிர்த்தார், தமிழக முதல்வர் ஸ்டாலினும் கண்டித்தார். இது ஆரஞ்சு, பார்வைக்கு எடுப்பாக இருக்கத்தான் மாற்றினோம் என்றது பிரசார் பாரதி.

என் கருத்தைக் கேட்டால், சரியில்லை. நிறத்துக்கு நம் நாட்டில் கட்சி உண்டு, இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதுவும் மக்களவைத் தேர்தலின் முதல் கட்ட வாக்குப்பதிவு ஏப்ரல் 19ல் இருக்கும்போது அதே வாரத்தில் இதைச் செய்தார்கள். அரசுப் பணத்தில், எல்லோருக்கும் பொதுவாக நடக்கும் செய்தி சேனல் அது, பச்சையோ சிவப்போ காவியோ எந்த நிறமானாலும் தேர்தல் முடியும் வரை பொறுத்திருந்திருக்க வேண்டும்.

உலகத்திலேயே படுமோசமான டிவி லோகோ எது?
*வாசகர், நாகர்கோவில்*

அசிங்கமான லோகோ ஆயிரம் இருக்கிறது, அவற்றை விடுங்கள். கையில் தங்கத்தை வைத்துக்கொண்டு அதைத் தூக்கிப் போட்டவர்களைத்தான் நான் மோசம் என்பேன். அந்தக் கணக்கில் முதல் இடம் அமெரிக்காவின் என்பிசிக்கு, வருடம் 1976.

என்பிசியிடம் ஏற்கெனவே ஒரு மயில் இருந்தது. 1956ல் ஜான் கிரஹாம் என்பவர் வடிவமைத்தது, பதினொரு தோகையும் பல வண்ணத்தில் விரிந்து நிற்கும். ஏன் மயில்? என்பிசியின் முதலாளி ஆர்சிஏ, அவர்கள் கலர் டிவி செய்து விற்கிறவர்கள். கறுப்பு வெள்ளை டிவி வைத்திருக்கிறவர் வீட்டில் நிகழ்ச்சிக்கு முன்னால் ஒரு மயில் தோகை விரிக்கிறது, கூடவே ஒரு குரல் இது கலரில் வருகிறது என்று சொல்கிறது, ஆனால் அவருக்குத் தெரிவதெல்லாம் சாம்பல் நிறம்தான் என்றால் அவர் மனசு என்ன பாடுபடும்! அடுத்த மாதம் கடைக்குப் போய்விடுவார். வியாபாரத்துக்காகப் பிறந்ததுதான், ஆனாலும் அழகான யோசனை.

இந்த மயிலை ஒதுக்கிவிட்டு 1976 ஜனவரியில் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சிவப்பில் ஒரு சாய்ந்த கட்டை, நீலத்தில் ஒரு சாய்ந்த கட்டை, இரண்டும் சேர்ந்தால் ஆங்கில 'என்' எழுத்து. லட்சக்கணக்கான டாலர் செலவு. வந்த கொஞ்ச நாளிலேயே நெப்ராஸ்கா மாநிலத்தின் கல்வித் தொலைக்காட்சி எழுந்து நின்று, இது எங்கள் லோகோ ஆயிற்றே என்றது. உண்மைதான். அதே இரண்டு கட்டைகள், அதே எழுத்து, அவர்களுடையது முழுக்கச் சிவப்பு, இவர்களுடையது பாதி நீலம், அதுதான் வித்தியாசம். நெப்ராஸ்காக்காரர்கள் தங்கள் லோகோவுக்குச் செலவழித்தது நூறு டாலருக்கும் குறைவு! வழக்குப் போட்டார்கள். கடைசியில் கோர்ட்டுக்கு வெளியே சமரசம் ஆனது. அந்தச் சின்ன நிலையத்துக்கு என்பிசி கலர் ஒளிபரப்புக் கருவிகளும் நடமாடும் ஒளிபரப்பு வண்டியும் கொடுத்தது, புது லோகோ செய்துகொள்ள 55,000 டாலரும் கொடுத்தது.

ஆனால் நான் மோசம் என்று சொல்வது இந்த வழக்குக்காக இல்லை. இரண்டு பேருக்கு ஒரே யோசனை தோன்றலாம், அது குற்றம் இல்லை. அந்த எழுத்தில் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை என்பதுதான் பிரச்சினை. ஒரு பாங்க்குக்கு வைத்தாலும் பொருந்தும், சிமென்ட் கம்பெனிக்கு வைத்தாலும் பொருந்தும். சும்மா பொருந்துவதால்தான் நெப்ராஸ்காவுக்கும் பொருந்தியது. மயில் அப்படியா? 1979ல் அவர்களே மனசு மாறி அந்த 'என்' மேல் மயிலைக் கொண்டுவந்து ஒட்டினார்கள், அது பழைய வீட்டுக் கதவைப் புது வீட்டில் மாட்டியது மாதிரி இருந்தது. அப்புறம் 1986ல் செர்மாயெஃப் அண்ட் கைஸ்மார் நிறுவனம் மயிலை எடுத்து, பதினொரு தோகையை ஆறாகக் குறைத்து, இடது பக்கம் பார்த்த தலையை வலது பக்கம் திருப்பி வைத்தது. மயிலின் உடம்பைத் தனியாக வரையவில்லை, தோகைகளுக்கு நடுவே விட்ட வெள்ளை இடமே உடம்பாகிவிடுகிறது. முப்பது வருடச் சுற்றுக்குப் பிறகு அதே பறவைக்குத் திரும்பி வந்தார்கள், முன்னைவிட நன்றாகவே வந்தார்கள்.

பிபிசி லோகோவில் என்ன இருக்கிறது? மூன்று பெட்டி, மூன்று எழுத்து. இதற்கு ஒரு டிசைனர் வேண்டுமா?
*வாசகர், திருநெல்வேலி*

நானும் சின்ன வயதில் இப்படித்தான் நினைத்தேன்.

1997க்கு முன்னால் அந்தப் பெட்டிகள் சாய்ந்திருக்கும், கீழே சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று கோடு இருக்கும். டிவித் திரை என்பது குறுக்குக் கோடுகளால் ஆனது. அதில் சாய்வான ஓரத்தைச் சின்ன அளவில் போட்டால் படிக்கட்டு மாதிரி பிசிறடிக்கும். கோடுகளுக்காக ஒவ்வொரு லெட்டர் தாளையும் பல வண்ணத்தில் அச்சடிக்க வேண்டும், அது தண்டச் செலவு. 1997ல் மார்ட்டின் லாம்பி நேர்ன் என்ற டிசைனர் செய்தது, பெட்டிகளை நிமிர்த்தினார், கோடுகளை எடுத்தார், எழுத்தை கில் சான்ஸ் என்ற எழுத்துருவுக்கு மாற்றினார். எதையும் சேர்க்கவில்லை, எடுத்தார். அதற்குப் பிறகு எந்தச் சேனலின் பெயருக்குப் பக்கத்திலும், எந்த நிறத்திலும், எவ்வளவு சின்னதாகவும் அதை வைக்க முடிந்தது. 24 வருடம் ஓடியது. 2021ல் கில் சான்ஸை விட்டுத் தங்கள் சொந்த எழுத்துருவான ரீத்துக்கு மாறினார்கள், பெட்டிகளுக்கு நடுவே இடைவெளி கொஞ்சம் கூடியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும்.

அதே லாம்பி நேர்ன்தான் 1982ல் பிரிட்டனின் இன்னொரு சேனலான சேனல் ஃபோருக்கு அந்தப் பல வண்ண '4'ஐச் செய்தவர். ஒன்பது துண்டுகள் எங்கெங்கிருந்தோ பறந்து வந்து, ஒன்று சேர்ந்து எண்ணாக நிற்கும். அந்தக் கம்ப்யூட்டர் வேலையைச் செய்ய அப்போது பிரிட்டனில் வசதி போதாது என்று லாஸ் ஏஞ்சலஸில் செய்து வாங்கினார்கள். பல இடங்களில் இருந்து, பல தயாரிப்பாளர்களிடம் நிகழ்ச்சி வாங்கி ஒளிபரப்புகிற சேனல் அது. துண்டுகள் சேர்ந்து ஒன்றாவது அந்தச் சேனலின் பிழைப்பையே படம்போட்டுக் காட்டியது. தூர்தர்ஷன் கண்ணுக்கு அடுத்து என் மனசில் இருப்பது இதுதான்.

சன் டிவி லோகோ பற்றி உங்கள் கருத்து?
*வாசகி, விழுப்புரம்*

அப்பத்தா பரீட்சையில் முழு மார்க். 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று தொடங்கிய சேனல். பெயர் சூரியன், படமும் சூரியன், உரிமையாளர் குடும்பத்துக்கு நெருக்கமான கட்சியின் சின்னமும் உதயசூரியன். இதற்கு மேல் விளக்க என்ன இருக்கிறது? குழந்தைகூட ஒரு வட்டம் போட்டுச் சுற்றிக் கதிர் இழுத்துக் காட்டிவிடும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, மற்ற மொழிக்குப் போனபோது அவர்கள் பெயர் வைத்த விதம். கன்னடத்தில் உதயா, மலையாளத்தில் சூர்யா, அப்புறம் இங்கே சிரிப்புச் சேனலுக்கு ஆதித்யா. எல்லாமே அதே சூரியனைச் சுற்றி வருகிற சொற்கள். லோகோவையும் பெயரையும் தனித்தனியாக யோசிக்காமல் ஒன்றாக யோசித்தால் இப்படி அமையும். குறை என்றால், பளபளப்பும் நிழலும் கூடக்கூட அந்தச் சூரியனின் எளிமை குறைகிறது. தட்டையான சூரியனே போதும்.

லோகோவை அடிக்கடி மாற்றுவது நல்லதா, மாற்றாமல் இருப்பது நல்லதா? எம்டிவி நிமிஷத்துக்கு ஒரு நிறம் மாற்றியதே?
*கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்*

எம்டிவி மாற்றியது சட்டையை, ஆளை இல்லை. 1981ல் வந்த அந்தப் பெரிய 'எம்' செங்கல்லாக இருக்கும், புல்லாக இருக்கும், வரிக்குதிரைத் தோலாகக்கூட இருக்கும், ஆனால் பக்கத்தில் கிறுக்கிய சின்ன 'டிவி'யோடு அதன் உருவம் அப்படியேதான் இருக்கும். உருவம் அவ்வளவு கனமாக இருந்ததால்தான் மேலே என்ன பூசினாலும் தாங்கியது.

ஆளையே மாற்றுகிற ஆசை வேறு. அமெரிக்காவில் சிபிஎஸ் சேனலின் கண் 1951ல் வந்தது, வில்லியம் கோல்டன் செய்தது. மேகத்துக்கு மேலே மிதக்கும் ஒரு கண். அமெரிக்காவில் ஷேக்கர்கள் என்று ஒரு எளிய வாழ்க்கைக்காரச் சமயக் குழு உண்டு, அவர்கள் வரைந்த ஓவியங்களில் இருந்தும், பென்சில்வேனியாவில் குடியானவர்கள் தானியக் கொட்டகைச் சுவரில் எழுதும் வட்டச் சின்னங்களில் இருந்தும் அவருக்கு அந்த யோசனை கிடைத்தது. நம் ஊரில் திருஷ்டிக்கு வாசலில் கண் வரைந்து மாட்டுவோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஒரு வருடம் ஆனதும் கோல்டனே வேறு ஒன்று செய்யலாம் என்று போய் நின்றார். தலைவர் ஃபிராங்க் ஸ்டான்டன் மறுத்துவிட்டார், நமக்குச் சலிக்க ஆரம்பிக்கும்போதுதான் மக்கள் கண்ணில் அது படவே ஆரம்பிக்கிறது என்பது அவர் எண்ணம். எழுபது வருடம் தாண்டி அந்தக் கண் இன்றும் திரையில் இருக்கிறது.

ஆபீசில் இருப்பவர் ஒரு நாளைக்கு நூறு தடவை லோகோவைப் பார்க்கிறார், அதனால் அவருக்குச் சலிக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு அரை மணி நேரம் டிவி போடுகிறவருக்கு என்ன சலிப்பு?

பெயரையே மாற்றி லோகோ போட்டவர்கள் உண்டா?
*வாசகர், வேலூர்*

நிறைய. அமெரிக்காவின் அறிவியல் புனைவு சேனல் 'சைஃபை', 2009ல் உச்சரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு எழுத்துக்களை மட்டும் மாற்றியது, Sci Fi என்பது Syfy ஆனது. பழைய பெயர் பொதுச்சொல், அதற்குத் தனி உரிமை வாங்க முடியாது என்பது காரணம். புது எழுத்துக்கூட்டல் போலந்து மொழியில் அழுக்கு, வியாதி என்கிற மாதிரி கொச்சைப் பொருள் தருகிறது என்பது அப்புறம்தான் எல்லோர் வாயிலும் விழுந்தது. போலந்தில் பழைய எழுத்தையே வைத்துக்கொண்டார்கள்.

எந்நேரமும் மூலையில் லோகோ நிற்க வேண்டுமா? எரிச்சலாக இருக்கிறது.
*வாசகர், சென்னை*

நிற்பதற்குக் காரணம் உண்டு. நூற்றுக்கணக்கான சேனல் வந்த பிறகு ரிமோட்டைத் தட்டிக்கொண்டே போகிறவருக்கு, இது யார் என்று அரை விநாடியில் தெரிய வேண்டும். படத்தைத் திருடி வேறு இடத்தில் போட்டால் எங்கிருந்து வந்தது என்று காட்டவும் அது உதவும். கீழே ஓடும் எழுத்துக்கு இடம் வேண்டும் என்பதால் நம் ஊரில் பெரும்பாலும் வலது மேல்மூலைக்குப் போய்விட்டது.

ஆனால் உங்கள் எரிச்சலும் நியாயம்தான். லோகோ ஒரு மூலை, நேரம் ஒரு மூலை, நேரலை என்று ஒரு பட்டை, கீழே இரண்டு அடுக்கில் ஓடும் செய்தி, அதற்கும் மேலே விளம்பரம் என்று நம் செய்தி சேனல்கள் செய்வதைப் பார்த்தால் செய்தி எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. இன்னொரு கவலையும் இருக்கிறது, ஓஎல்இடி மாதிரியான திரைகளில் ஒரே இடத்தில் பளிச்சென்று ஒரு உருவம் மாதக்கணக்கில் நின்றால் அதன் தடம் திரையில் நிரந்தரமாகத் தங்கிவிடலாம். அதற்காகவே லோகோ இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து வெளிச்சத்தைக் குறைக்கிற வசதியைச் சில டிவிகளில் வைத்திருக்கிறார்கள், செட்டிங்கில் தேடிப் பாருங்கள். சேனல்காரர்கள் பாதி ஊடுருவித் தெரிகிற வெள்ளையில் லோகோ போட்டாலே இந்தப் பிரச்சினை பெருமளவு தீரும். நம் ஊரில் பலரும் கெட்டி நிறத்திலேயே நிறுத்துகிறார்கள்.

எங்கள் ஊர் கேபிள்காரர் தன் உள்ளூர் சேனலுக்கு லோகோ செய்யச் சொல்லியிருக்கிறார். முழுப் பெயரும் தமிழில் வர வேண்டுமாம். எனக்கு இது முதல் வேலை. என்ன கவனிக்க வேண்டும்?
*வாசகி, பட்டுக்கோட்டை*

இத்தனை கேள்வியில் எனக்கு அதிகம் சந்தோஷம் தந்தது இதுதான். முதலில் அந்தக் கேபிள்காரரைப் பாராட்டுங்கள், தமிழ்ப் பெயர் வைத்துவிட்டு லோகோவில் ஆங்கில எழுத்தைப் போடுகிறவர்கள் நிறைய.

ஆனால் தமிழ் எழுத்தில் சில சிக்கல் உண்டு, தெரிந்துகொண்டு இறங்குங்கள். மூலையில் நிற்கும்போது உங்கள் லோகோவின் அளவு கட்டைவிரல் நகம்தான். அந்த அளவில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. 'தமிழ்' என்பது 'தமிழ' ஆகிவிடும். அடுத்தது ண, ன, ழ இவற்றின் சுழிகள், உள்ளே இருக்கும் ஓட்டை அடைத்துக்கொண்டு ஒரே கறுப்புத் திட்டாகத் தெரியும். அதனால் புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக, எழுத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். சுழிகளைத் தாராளமாகத் திறந்து விடுங்கள். கிடைக்கிற ஏதோ ஒரு எழுத்துருவில் அடித்துக் கொடுத்துவிடாமல் உங்கள் கையால் வரையுங்கள், முழுப் பெயரில் ஐந்தாறு எழுத்துதானே இருக்கும்.

பெயர் நீளமாக இருந்தால், முதல் எழுத்தை மட்டும் பெரிய உருவமாக்கி மூலையில் நிறுத்துங்கள், முழுப் பெயர் நிகழ்ச்சிக்கு நடுவே வரட்டும். அ, ழ, ஞ, ஐ இதெல்லாம் மற்ற மொழிக்காரர்களிடம் இல்லாத அழகான உருவங்கள், எனக்குத் தெரிந்து இன்னும் யாரும் அவற்றை முழுதாகப் பயன்படுத்தவில்லை.

மெல்லிய குறுக்குக்கோடு வேண்டாம், உங்கள் பகுதியில் இன்னும் பழைய பெட்டி டிவி வைத்திருப்பவர்கள் இருந்தால் அந்தக் கோடு அவர்கள் திரையில் துடித்துக்கொண்டே இருக்கும். வரைந்ததும் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து, பத்தடி தள்ளிச் சுவரில் ஒட்டி, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். அப்புறம் அதை இரண்டு படத்தின் மேல் வைத்துப் பாருங்கள், ஒன்று வெயிலடிக்கும் வெள்ளை வானம், இன்னொன்று சீரியல் விளக்கெல்லாம் போட்ட கல்யாண மண்டபம். உள்ளூர் சேனலில் கோயில் திருவிழாவும் கல்யாணமும்தான் அதிகம் ஓடும், இரண்டிலும் தெரிந்தால் போதும்.

கடைசியாக, தெருவில் படிக்கத் தெரியாத ஒரு பாட்டியைப் பிடித்து, ஒரே ஒரு தடவை காட்டுங்கள். மறுநாள் போய் வேறு நான்கு படத்தோடு கலந்து வைத்து, நேற்றுக் காட்டியது எது என்று கேளுங்கள். சரியாகக் காட்டிவிட்டார் என்றால் கேபிள்காரரிடம் கொடுத்துவிடுங்கள், எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.